வக்கீலக்கா சாவி எடுத்த கதை

வக்கீலக்கா எந்தக் கோர்ட்டின் படியையும் மிதித்தவள் இல்லை. சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில், தைத்து வந்த சட்டைகளில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் டேபிள்தான் அவளுடைய இடம். காலர் கோணியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, மெஷின் எண்ணெய் பட்டு எங்காவது கறையாகியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, கண்ணில் படுவதெல்லாம் குறையாகவே தெரிகிற வியாதி வந்துவிட்டது. சட்டையில் குறை சொன்னால் கம்பெனி தட்டிக்கொடுத்தது. கம்பெனியில் குறை சொன்னால் "உன் வேலையைப் பார்" என்றது. இரண்டையும் பார்ப்பது ஒரே கண்தானே என்பது அவள் வாதம். அந்த வாதத்துக்குக் கிடைத்த ஒரே பலன் இந்தப் பட்டப்பெயர்.

பள்ளிக்கூடம் பாதியில் நின்றதே தவிர, படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. அவள் கேட்கும் புத்தகங்கள் எல்லாம் மேல் தட்டிலேயே இருக்கும் என்பதால், அவள் வாசலில் தலை காட்டியதுமே நூலகர் பெருமூச்சோடு ஏணியைத் தூக்குவார். கிரகங்கள் ஏன் சுற்றுகின்றன, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, எந்த நாட்டில் எந்தத் தொழிலாளர்கள் எதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள், எல்லாம் தலைக்குள் இருந்தது. நல்ல நேரம், கெட்ட நேரம், கண்ணேறு என்று யாராவது வாயெடுத்துவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வகுப்புதான். சாப்பாடு ஆறிப்போகும். அதனால் ஒருவருக்காவது தெளிவு பிறந்ததா என்று கேட்டால், வயிற்று உபாதை பிறந்தது என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

தன்னிடம் இருக்கும் கோளாறும் அவளுக்குத் தெரியும். கையில் ஒரு சிக்கல் கிடைத்துவிட்டால் அதை அவிழ்ப்பதிலேயே மூழ்கிப்போவாள். யாருக்காக அவிழ்க்கிறோம், அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நினைவுக்கு வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். மின்விசிறி சத்தம் போடுகிறது, தூங்க முடியவில்லை என்று அவள் கணவர் ஒருநாள் முனகினார். பஸ் ஓட்டுகிற மனிதர், தூக்கம் முக்கியம். விடுமுறை நாள் முழுக்க அதைக் கழற்றித் தரையில் பரப்பி, சத்தம் ஏன் வருகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தாள். அந்தக் கோடை முழுக்க அவர் சத்தமே இல்லாமல், காற்றும் இல்லாமல் தூங்கினார். இப்படி ஒவ்வொரு பொருளிலிருந்தும் மிச்சமான ஸ்க்ரூக்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் நிறைந்து கிடந்தன.

"இதுல இருக்கிறதை வெச்சு ஒரு பஸ்ஸே கட்டிடலாம் போலிருக்கே" என்பார் கணவர்.

"கட்டிடலாம். ஓட்டுறதுக்குத்தான் நல்ல ஆள் கிடைக்கல" என்பாள்.

கம்பெனியில் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது ஒரு பூட்டு. பெண்கள் கழிவறையின் பூட்டு.

ஆண்கள் கழிவறைக்குக் கதவே பாதிதான் இருந்தது, பூட்டுக்கு எங்கே போவது? பெண்கள் கழிவறைக்கு மட்டும் நல்ல கதவு, கதவில் கொண்டி, நிலையில் கொண்டியை மாட்டும் நாதாங்கி, நாதாங்கியில் கனமான பித்தளைப் பூட்டு. உள்ளே என்ன புதையலா இருக்கிறது என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு வாளி இருந்தது. அதிலும் ஓட்டை. பெண்கள் அடிக்கடி போய் உட்கார்ந்துகொண்டு போன் பார்க்கிறார்கள், அதனால் உற்பத்தி குறைகிறது என்பது கம்பெனி சொன்ன காரணம். ஆண்களிடம் போன் இல்லை போலிருக்கிறது.

போக வேண்டுமென்றால் மெஷினை நிறுத்திவிட்டு, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். சாவி தொலைந்துவிடக்கூடாது என்று அதோடு முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைக் கட்டி, கட்டைக்குச் சிவப்புப் பெயின்டும் அடித்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். எந்த மகானுபாவனுக்குத் தோன்றிய யோசனையோ! ஒரு மனுஷிக்குச் சிறுநீர் வருகிறது என்பதை ஹால் முழுக்கத் தண்டோரா போடுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. திரும்பி வந்து கட்டையை ஆணியில் மாட்டும்போது சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையே போதும்.

அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் வீட்டிலிருந்து நிரம்பி வரும் பாட்டில்கள் மாலையில் அப்படியே நிரம்பித் திரும்பிப்போகும்.

சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுவது காஜா மெஷின். அதில் வேலை செய்யும் பெண்ணையும் எல்லோரும் காஜா என்றே கூப்பிட்டார்கள். அவள் இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே தைப்பாள். காய்ச்சலும் எரிச்சலுமாக ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம் டாக்டர். அதை ஏதோ நகைச்சுவை மாதிரி வந்து சொன்னாள்.

"குடிக்கலாம்க்கா. அப்புறம் கட்டையை டாக்டரா வந்து தூக்குவாரு?"

வக்கீலக்காவுக்கு ரத்தம் கொதித்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். சிறுநீரகத்தில் தொடங்கி, அடக்கிவைத்தால் கிருமி எப்படிப் பெருகும் என்பதைச் சொல்லி, ஒரு உடம்புக்கு எப்போது என்ன தேவை என்று தீர்மானிக்கக் கம்பெனிக்கு என்ன உரிமை என்பதில் கொண்டுபோய் முடித்தாள். மேனேஜர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ரொம்பத் தெளிவாப் பேசுறீங்கம்மா. நீங்க மேல படிச்சிருக்கணும்" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில், வாதத்தில் தான் ஜெயித்துவிட்டதாகக் கணவரிடம் அறிவித்தாள்.

"அப்போ பூட்டை எடுத்துட்டாங்களா?"

"அது வேற விஷயம்" என்றாள்.

மறுநாள் காலை வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், முதல் ஆளாகக் கட்டையை எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டின் வளையம் மேலே எழும்பியது. ஆனால் சாவி திரும்பியபோது உள்ளே ஏதோ நறநறத்தது. என்ன அது என்று சாவியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. திறந்திருக்கும்போது சாவியை விடாத ரகம் அந்தப் பூட்டு. சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பி, வளையத்தை அழுத்திப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். இப்போது சாவி திரும்பவும் இல்லை, வளையம் இறங்கவும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றது பூட்டு. பிறகென்ன? வந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு, பூட்டும் சாவியும் கட்டையுமாக வெளிச்சத்துக்கு வந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "என்னம்மா, போன வேகத்துல வந்துட்டீங்க? கையில என்ன பூட்டு?"

"சாவி சிக்கிக்கிச்சு சார்."

"சிக்கிக்கிச்சா, சிக்க வெச்சீங்களா? நேத்து மேனேஜர்கிட்ட போய் பூட்டு வேணாம்னு பேசுறீங்க. இன்னைக்குப் பூட்டு கெட்டுப்போகுது. எனக்குக் காதுல பூ வைக்கிறீங்களா?"

அடுத்த மெஷினிலிருந்து நூல்கண்டு எட்டிப் பார்த்தாள். பேச்சு ஒருமுறை அவிழத் தொடங்கினால் முடியவே முடியாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "ஒரு சுத்தியல் இருந்தா ஒரே போடு சார். எங்க வீட்டுல பீரோ சாவி இப்படித்தான்..."

"உடைக்கிறதா? கம்பெனிப் பொருள் இது. உடைச்சவங்க மேல விசாரணை வரும், வேலை போகும், சொல்லிட்டேன்." சூப்பர்வைசர் வக்கீலக்கா பக்கம் திரும்பினார். "மெக்கானிக் இன்னைக்கு வேற யூனிட்டுக்குப் போயிருக்காரு. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே. சாயங்காலத்துக்குள்ள, பூட்டுல ஒரு கீறல் இல்லாம சாவியை எடுத்து வெச்சிருக்கணும். இல்லேன்னா வேணும்னே கெடுத்தீங்கன்னுதான் நான் எழுதுவேன். நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்து புத்தகம் படிங்க."

நிதானமுள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? தேய்ந்த பூட்டு சார், வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கூட நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தியிருப்பாள். வக்கீலக்காவின் காதில் விழுந்தது "எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே" மட்டும்தான்.

"ஒரு கீறல் இல்லாம எடுத்துக் காட்டுறேன் சார்" என்றாள். குரலில் ஒரு கர்ஜனை வேறு.

செக்கிங் டேபிள் கழிவறைக்குப் போகும் நடையின் வாயிலில் இருந்தது. ஹாலிலேயே பளிச்சென்ற விளக்கு அங்கேதான். சட்டைகளை ஒரு பக்கம் குவித்து, ஒரு சட்டை பார்ப்பதும் ஒரு தடவை பூட்டைப் பார்ப்பதுமாக வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் கட்டையை வெட்டி எறிந்தாள். அவ்வளவு பாரம் தொங்கித் தொங்கிச் சாவியைக் கோணலாக இழுத்துக்கொண்டிருந்தது. நூல்கண்டு வந்து சாவியின் தலையைப் பிடித்தாள். "நீங்க பூட்டைப் பிடிங்க. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன்."

"தொடாதே! இழுத்தா கழுத்துல முறியும். பாதிச் சாவி உள்ள போச்சுன்னா அப்புறம் நான் வீட்டுக்குத்தான் போகணும். இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? சின்னச் சின்ன ஊசிங்க வரிசையா ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும். சாவியோட பல் ஒவ்வொண்ணும் ஒரு ஊசியைத் தூக்கும். ஏதோ ஒரு ஊசி எறங்காம மாட்டிக்கிட்டிருக்கு. பலத்துக்கு இங்க வேலை இல்ல, யோசிக்கணும்."

யோசித்த பிறகு அவள் செய்த முதல் காரியம், மெஷின் எண்ணெயை எடுத்துச் சாவித்துளையில் தாராளமாக ஊற்றியது. பூட்டு முன்னைவிட இறுகியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்று பெண்கள் புலம்பிய நாளிலிருந்து, உராய்வு பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு, எல்லோரையும் எண்ணெய் விடச் சொல்லி ஏவிக்கொண்டிருந்தது யார்? சாட்சாத் வக்கீலக்காதான். தையல் ஹாலில் மூச்சு விட்டால் பஞ்சு பறக்கும். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்தால் களிமண் மாதிரி ஆகிவிடும் என்பதைத் தினமும் மெஷின் அடியில் பார்க்கிறவள் அவள். பூட்டுக்குள் மட்டும் பஞ்சு நுழையாது என்று எந்தப் புத்தகம் சொன்னதோ!

அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக டேபிளைக் கடந்து வரத் தொடங்கினார்கள். காலர் தைக்கிறவள், கைப்பட்டை தைக்கிறவள், பொட்டலம் கட்டுகிறவள். எல்லோரும் நின்று, குனிந்து பார்த்து, ஒரே கேள்வி கேட்டார்கள்.

"வந்துச்சாக்கா?"

"இல்லம்மா, இன்னும் வரல."

"அவசரப்படாதீங்கக்கா. மெதுவாப் பண்ணுங்க."

அவளுக்கு மனம் நெகிழ்ந்துபோனது. இத்தனை நாள் தன் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள்தான், ஆனாலும் தன் வேலைக்கு ஒரு ஆபத்து என்றதும் எப்படித் துடிக்கிறார்கள்! கூட்டம் கூடக் கூட அவளுக்கு உற்சாகமும் கூடியது. பின்னால் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். "விளக்கை மறைக்காதீங்கம்மா, எல்லாருக்கும் அப்புறமாக் காட்டுறேன்" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். காஜா மட்டும் திரும்பத் திரும்ப வந்தாள். பாவம், சின்னப் பெண், எவ்வளவு பாசம்!

"இப்ப வந்துடும் போலிருக்கு" என்று அவளிடம் உற்சாகமாகச் சொன்னாள். காஜாவின் முகம் வாடியது. பதற்றம் என்று எடுத்துக்கொண்டாள் வக்கீலக்கா.

மதியச் சாப்பாடு முடிந்தும் பூட்டு மசியவில்லை. நெற்றியில் வேர்த்தது. சாவியைப் பிடித்து மெல்ல அசைத்தபடி, தன்னை மறந்து முணுமுணுத்தாள். "வந்துடுடா கண்ணு. என் ராசால்ல? ஒரே ஒரு தடவை."

"ஏன்க்கா, உயிரில்லாத பொருளுக்குக் காது இருக்கா?" என்று பின்னாலிருந்து நூல்கண்டின் குரல் கேட்டது. "போன வாரம் கடுகடுன்னு சொன்னீங்களே, பொருளுங்ககிட்ட வேண்டிக்கிறது காட்டுமிராண்டிக் காலத்துப் பழக்கம்னு?"

"நான் வேண்டிக்கல. உச்சரிச்சா கை ஒரே சீரா அசையும். அது ஒரு முறை."

"ஆமாமா. முறைதான். சூடம் மட்டும்தான் காட்டல நீங்க."

வழி கிடைத்தது சட்டையிலிருந்துதான். ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் எண்ணெய்க் கறை இருந்தது. பழக்க தோஷத்தில் கறை எடுக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுத்து அடித்தாள். எண்ணெய் கரைந்து, துணியைவிட்டு ஓடியது. கை அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து பக்கத்திலேயே கிடந்த சாமான்! எண்ணெயைக் கரைப்பதற்கென்றே கம்பெனி கொடுத்திருக்கிறது, அவள் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பூட்டைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் கந்தைத் துணியை விரித்து, சாவிக்கும் துளைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அந்தக் கறை மருந்தை அடித்தாள். கறுப்பாகச் சாறு ஒழுகியது. சட்டையில் ஒட்டிய பிசிறை ஊதித் தள்ளும் காற்றுக்குழாயை எடுத்து, அதன் மூக்கை இடுக்கில் வைத்து விசையை அழுத்தினாள். உள்ளிருந்து பஞ்சுக் கட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. மெல்லிய ஊசி முனையால் அதைக் குத்தி இழுத்தாள். மீண்டும் மருந்து, மீண்டும் காற்று. ஒழுகுகிற சாறு வெளுத்த பிறகுதான் நிறுத்தினாள். நன்றாகக் காயவிட்டாள். அளவு குறிக்கிற பென்சிலின் கரிமுனையைப் பிளேடால் சுரண்டி, காகிதத்தில் ஏந்தி, அந்தப் பொடியை இடுக்குக்குள் ஊதினாள். எண்ணெய் மாதிரி இது பஞ்சைப் பிடித்துவைக்காது, வழவழப்பை மட்டும் தரும்.

பிறகு இழுக்கவில்லை. ஒரு கையால் பூட்டின் வளையத்தை லேசாக அழுத்தி உள்ளிருந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொண்டு, மறு கையால் சாவியை மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைத்தாள். ஏதோ ஒன்று உள்ளே விழுந்து உட்கார்ந்தது. சாவி திரும்பியது. வளையத்தை முழுக்க அழுத்தினாள். சொடக். சாவி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"வந்துடுச்சு!" என்று அதைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை.

நடை வாயிலில் நின்ற நான்கைந்து பெண்கள் அவளைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். காஜா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாயிலிருந்து எடுத்து, மூடியைப் போட்டு, இறுக்கித் திருகினாள்.

"எடுத்துட்டீங்களாக்கா..." என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள் நூல்கண்டு.

"என்னடி இது, யாரோ செத்த மாதிரி? ஒரு கீறல் இல்ல பாரு."

"நீங்க காலையிலேர்ந்து ஒண்ணுமே பாக்கலையா? பூட்டு உங்க கையில இருக்கு. கதவு திறந்தே கிடக்கு. ஒருத்தி கட்டையைத் தூக்கல, ஒருத்தி அந்த ஆளு முன்னாடி போய் நிக்கல. காஜா ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருக்கா, தெரியுமா? எல்லாரும் உங்களைத் தாண்டித்தானே போயிட்டுப் போயிட்டு வந்தோம்?"

"பார்த்தேனே. எல்லாரும்... என்னைப் பாக்க வந்தீங்கன்னு நினைச்சேன்."

"உங்களையா?"

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. அது பரவியது. வக்கீலக்கா தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சாவியைப் பார்த்தாள். சட்டையில் தினமும் ஒற்றை நூல் பிசிறையும் விடாமல் பிடிக்கிற கண்! அதற்கு முன்னால் ஒரு திறந்த கதவு நாள் முழுக்கக் கிடந்திருக்கிறது. மேனேஜரிடம் தொண்டை வற்றப் பேசிக் கிடைக்காததை, எண்ணெயும் பஞ்சும் பேசாமலே வாங்கிக் கொடுத்திருக்கின்றன. அதைப் பாடுபட்டு, ஊசியும் காற்றும் பென்சிலும் வைத்து, ஒரு கீறல் படாமல் பறித்து, சூப்பர்வைசர் கையில் கொடுக்கத் தயாராக நிற்பவள், உரிமைகளைப் பற்றி இந்த ஹாலிலேயே அதிகம் பேசுகிறவள். மின்விசிறியைவிடப் பெரிய சாதனை இது.

நூல்கண்டு குரலைத் தாழ்த்தினாள். "திரும்ப உள்ள சொருகிடுங்க. வரலைன்னு சொல்லிடலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு தடவை சொன்னா வாய் வெந்துடுமா?"

"வரலைன்னு சொன்னா அக்கா வேலை போயிடும்" என்றாள் காஜா. "வேணாம். சாவியைக் குடுத்துடுங்கக்கா. எங்களுக்குப் பழகினதுதானே."

பழகினது. அந்தச் சொல் வக்கீலக்காவைச் சுட்டது. தண்ணீர் குடிக்காமல் இருக்க ஒரு பெண்ணுக்குப் பழகியிருக்கிறது. அவள் நிமிர்ந்து சுவரில் இருந்த உற்பத்திப் பலகையைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்த இந்த நாளிலும் ஒவ்வொரு மணிக்கும் குறித்திருந்த கணக்கு, வழக்கத்துக்கு ஒரு சட்டைகூடக் குறையவில்லை. இதைவிட நல்ல ஆதாரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. உடனே மேனேஜர் அறைக்குப் போய் விளக்கலாம் என்று கால் ஒரு எட்டு வைத்தது. இன்னொரு டீ கிடைக்கும் என்று தோன்றியதும் கால் நின்றது.

பூட்டை எடுத்துக்கொண்டு கழிவறைக் கதவுக்குப் போனாள். கொண்டியைக் கதவோடு ஒட்டத் திருப்பிவிட்டாள். சாவியால் பூட்டைத் திறந்து, வெறும் நாதாங்கியில் மாட்டி, அழுத்திப் பூட்டி, சாவியை உருவினாள். இப்போது பூட்டு பூட்டியிருந்தது, கதவு திறந்திருந்தது. நாதாங்கியைப் பூட்டு அடைத்துக்கொண்டிருக்கும்வரை, கொண்டியை மாட்ட யாராலும் முடியாது.

பின்னாலேயே வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். புரிய ஒரு நிமிடம் ஆனது.

"சாவி?" என்றாள் நூல்கண்டு. "அதை அந்த ஆளு வாங்கித் திறந்துட்டா?"

வக்கீலக்கா அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. வழக்கம்தான். யோசித்தது காஜா. "இங்க குடுங்க" என்று அவள் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தன் மெஷினுக்குப் போனாள். அங்கே ஒரு துணிக்கட்டை எடுத்து, சாவியை அதற்குள் செருகி, வரிசையில் தனக்கு முந்தின மெஷின்காரியின் மடியில் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். தையல் ஹாலில் எல்லாம் கைமாறித்தான் போகும். காலர் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு, கைப்பட்டை அவளிடமிருந்து அடுத்தவளுக்கு, கடைசியில் முழுச் சட்டையாகி வக்கீலக்காவின் டேபிளுக்கு. அந்த வரிசையில் பின்பக்கமாகப் போன முதல் சரக்கு அந்தச் சாவிதான். மூன்றாவது மெஷினைத் தாண்டிய பிறகு அது யாரிடம் இருக்கிறது என்பது வக்கீலக்காவுக்கே தெரியவில்லை. அவள் பார்க்கவும் முயலவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா, வந்துச்சா?"

"வந்துடுச்சு சார். ஒரு கீறல் கிடையாது. பூட்டு கதவுகிட்ட பூட்டியிருக்கு, பாத்துக்கலாம்."

நடை வாயில்வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன விளையாட்டு இது? வெறும் நாதாங்கியில தொங்குது?"

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, சாவி வெளிய வரணும். ரெண்டுதானே கேட்டீங்க?"

"சாவி எங்க?"

"தெரியாது சார்." இவ்வளவு நிம்மதியாக அவள் ஒரு உண்மையைச் சொன்னதே இல்லை. "எங்கிட்ட இருந்துச்சு. இப்ப எங்க இருக்குன்னு நிஜமாவே தெரியாது."

அவர் ஹால் பக்கம் திரும்பினார். "யார்கிட்டம்மா சாவி இருக்கு?" அத்தனை மெஷின்களும் ஒரே நேரத்தில் வேகமெடுத்தன. குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. டார்கெட்டை விரட்டிப் பிடிக்கிற தொழிலாளர்களைப் பார்த்து ஒரு சூப்பர்வைசர் நிறுத்து என்று கத்த முடியுமா?

"நாளைக்குக் கட்டர் வெச்சு வெட்டச் சொல்லிடுவேன்" என்றார்.

"வெட்டலாம் சார். உடைச்சவங்க மேல விசாரணை வரும்னு நீங்கதான் சொன்னீங்க. வெட்டுறவரு பேரையும் சேத்து எழுதிடுங்க."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று தன் நாற்காலிக்குப் போனார். வெட்டலாம். வேறு பூட்டு வாங்கலாம். வாங்கினால் வாங்கட்டும், அதற்கும் இந்த வரிசையில் கைகள் இருக்கின்றன என்று நினைத்தாள் வக்கீலக்கா. நினைத்து முடிப்பதற்குள் அடிவயிற்றில் ஒரு குத்தல். அப்படியே டேபிளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?" என்றாள் நூல்கண்டு.

"காலையிலேர்ந்து... நான்தான் போகவே இல்லடி."

நூல்கண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் சிறுநீரகம் சொல்லிக்குடுத்தீங்களே!" நடையில் நின்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தள்ளுங்கடி, தள்ளுங்கடி! வக்கீலக்கா வர்றாங்க. கேஸ் ரொம்ப அவசரம்!"

சிரிப்புக்கு நடுவே புகுந்து ஓடினாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நடை வாயிலிலிருந்து சூப்பர்வைசரின் குரல் கேட்டது. அதைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வர அவருக்கு வழியில்லை.

"அம்மா! மேனேஜர் போன்ல இருக்காரு! சாவி எங்கேன்னு கேக்குறாரு! நான் என்ன சொல்றது?"

வக்கீலக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாதம் ஏதும் கைவசம் இல்லை.

"உள்ள ஆள் இருக்குன்னு சொல்லுங்க சார்!"